நானும் சார்

எங்கள் கல்லூரியின் மாணவர் நல டீனுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘நானும் சார்’. யார் எந்தக் குறையோடு போய் நின்றாலும் மனிதர் ‘நானும்’ என்றுதான் வாயைத் திறப்பார். பஸ் வரவில்லை, லேட்டாகிவிட்டது என்றால், “நானும் நடந்தே போய்ப் படிச்சவன்தான்.” விடுதியில் தண்ணீர் வரவில்லை என்றால், “நானும் தெருக்குழாயில வரிசை நின்னவன்தான்.” ஒருமுறை மாதவிடாய் வலி என்று லீவு கேட்ட பெண்ணிடமும் பழக்கதோஷத்தில் ‘நானும்’ என்று ஆரம்பித்து, பாதியில் முழித்து, இருமி, பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த வார்த்தையால் ஒருவருக்கு நல்லது நடந்தது எனக்குத் தெரிந்து அன்றைக்கு மட்டும்தான்.

கல்லூரி இணையதளத்தில் ‘எங்கள் தலைமை’ என்று ஒரு பக்கம் உண்டு. அங்கே அவர் படத்துக்குக் கீழே அவருடைய பின்னணி இருக்கும். குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். தந்தை சந்தையில் மூட்டை தூக்கியவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். அதனால் எளிய வீட்டுப் பிள்ளைகளின் வலி இவருக்குத் தெரியும். நான் மாணவியாகச் சேர்ந்த முதல் நாள் இதையே மேடையில் சொன்னார். நான் அழுதேன். வீட்டுக்குப் போய், “அம்மா, அங்க நம்மள மாதிரி ஒருத்தர் பெரிய பதவியில இருக்காரும்மா” என்றேன். அம்மா, “அப்ப பயமில்ல” என்றாள்.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. படித்து முடித்த கையோடு அதே கல்லூரியில், அவருடைய அலுவலகத்திலேயே உதவியாளர் வேலை கிடைத்தது. இரண்டாவது பட்டம் என் தங்கையுடையதாக இருந்திருக்க வேண்டும். எங்கள் கல்லூரியிலேயே சேர்ந்திருந்தாள், என்னைவிட நன்றாகப் படிக்கிறவள். கணக்கு அவளுக்குத் தண்ணி பட்ட பாடு.

அம்மா ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறாள். ஈரத் தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. கழிப்பறைக்குக்கூடத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எனக்கு வேலை நிரந்தரமாகாத நேரம், லீவு போட்டால் சீட்டுக் கிழியும். அப்பா என்று ஒருவர் உண்டு, வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார், அவரை இதில் இழுக்க வேண்டாம். தங்கைதான் வகுப்புக்குப் போகாமல் அம்மாவோடு இருந்தாள். வருகைப் பதிவு குறைந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

விசாரணைக்கு மாணவர் துணைக்கு ஓர் ஆளைக் கூட்டி வரலாம். ஆனால் அந்த ஆள் வாயைத் திறக்கக் கூடாது, அது விதி. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே என் மேலதிகாரி, நானும் சார். நீள மேசை, மூடி போட்ட தண்ணீர் டம்ளர்கள், ஏசி குளிர். தங்கை ஆஸ்பத்திரி என்ற வார்த்தைக்கே வந்து சேரவில்லை.

“நானும் உன்னை மாதிரி வீட்லேர்ந்து வந்தவன்தாம்மா” என்று ஆரம்பித்துவிட்டார். “எங்க அப்பா மூட்டை தூக்கினவர். கையெழுத்துப் போடத் தெரியாது, கட்டைவிரலைத்தான் உருட்டுவார். அவர் படுத்த படுக்கையா கிடந்தப்பக்கூட நான் ஒரு கிளாஸ் தவறவிட்டதில்ல. சாக்கு எல்லாருக்கும்தான் இருக்கு. மனசுதான் வேணும். உங்கிட்ட அது இல்ல.”

அவ்வளவுதான் விசாரணை. பெயரை நீக்கினார்கள். என் முழங்காலில் என் நகம் பதிந்த தடம் அடுத்த நாளும் இருந்தது.

தங்கை புத்தகங்களை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ரெடிமேட் கடையில், வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் சட்டைகளை மடித்து வைக்கும் வேலைக்குப் போனாள். மறுபடி மனு போடலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்.

“விடுக்கா. அவருக்கும் இதே நிலைமைதான இருந்துச்சு? அவரால முடிஞ்சிருக்கு. என்னால முடியல. நான் அவ்ளோதான்.”

அவளைக் கல்லூரியை விட்டு நீக்கியதைக்கூட நான் ஒரு நாள் மறந்து தொலைத்திருப்பேன். ‘நான் அவ்ளோதான்’ என்று அவளே அவளைப் பற்றிச் சொல்ல வைத்தானே அந்த ஆள், அதை மறக்க முடியவில்லை. தினமும் காலையில் அவனுக்கு வணக்கம் சார் சொல்லிக்கொண்டே அதை நினைத்துக்கொள்வேன்.

அந்த நேரத்தில் துணை முதல்வர் பதவி காலியானது. மாடியில் கண்ணாடி அறை, தனிக் கார். வழக்கமாகக் கல்விப் பிரிவுக்காரர்கள்தான் அதைப் பிடிப்பார்கள். மாணவர் நலப் பிரிவு என்றால் அவர்களுக்கு இளக்காரம், ‘பக்கெட் டிபார்ட்மென்ட்’ என்பார்கள். விடுதிக்குப் பக்கெட் வாங்குவதைத் தவிர எங்களுக்கு வேறு வேலை இல்லையாம். இந்த முறை எங்கள் ஆள் கடைசிச் சுற்று வரை வந்துவிட்டார். எங்கள் அலுவலகத்தில் என்னைத் தவிர ஒருவர் விடாமல் அவரைப் புகழ்ந்து தேர்வுக் குழுவுக்கு எழுதிப் போட்டார்கள். காரணத்தைப் பசை அக்கா சொன்னார். அவர் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் மூத்தவர், நாற்காலியோடு ஒட்டிப் போனவர், அதனால் பசை அக்கா.

“ஒரு ஆளைக் கழட்டி விடணும்னா மேலதான்டி தள்ளணும். கீழ தள்ளினா எந்திரிச்சு வந்துடுவாங்க. மேல தள்ளினா திரும்பியே பார்க்க மாட்டாங்க. நீயும் நாலு வரி நல்லதா எழுதிப் போடு.”

“நான் எழுத மாட்டேன்க்கா.”

“அவர் மாடிக்குப் போயிட்டா நமக்குத்தான்டி நிம்மதி.”

“உங்களுக்கு நிம்மதி. என் தங்கச்சிக்கு?”

பசை அக்கா பேச்சை மாற்றினார். ஏனென்றால் அவருக்கும் தெரியும். எங்கள் அலுவலகத்தில் எங்கேயும் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு டீன் மூடிய விசாரணையை அடுத்த டீன் திறக்க மாட்டார். முந்தினவர் முகத்தில் கரி பூசிய மாதிரி ஆகிவிடுமாம். மூடியவரே திறந்தால்தான் உண்டு. இந்த ஆள் மாடிப்படி ஏறினால் என் தங்கையின் கதை அதோடு முடிந்தது.

ஒரு மதியம் பெரியவர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை, காதில் கருவி. டீன் கூட்டத்தில் இருந்ததால் காத்திருக்கச் சொன்னேன். சும்மா உட்காரவில்லை மனிதர். எழுந்து போய் எங்கள் அறிவிப்புப் பலகையைப் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஓர் அறிவிப்பில் இருந்த பிழையைத் திருத்திவிட்டு, திருட்டுத்தனமாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பழக்கம்மா. வருஷக் கணக்கா சிவப்பு மையிலயே வாழ்ந்தவன். கை சும்மா இருக்காது.”

“டீனைப் பார்க்கணும்னா என்ன விஷயம்னு சொல்லுங்க சார்.”

“என்ன?”

சத்தமாகக் கேட்டேன்.

“விஷயமெல்லாம் ஒண்ணுமில்ல. பிரஷர் மாத்திரையை வீட்லயே வச்சிட்டு வந்துட்டான் என் பையன். குடுத்துட்டுப் போகலாம்னு.”

நான் அவருக்காக எடுத்து வந்த தண்ணீரை நானே குடித்தேன். பிறகு இன்னொரு டம்ளர் எடுத்து வந்து கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் போய், “நீங்க என்ன வேலை பார்த்தீங்க சார்?” என்றேன்.

“கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுத்தேன். அப்புறம் பிரின்சிபால். எங்க அப்பாவும் பிரின்சிபால்தான். எங்க வீட்ல சோத்துத் தட்டுக்கு முன்னாடிதான் பரீட்சைக் கமிட்டி மீட்டிங்கே நடக்கும்.” சிரித்தார். “இவன் பொறந்தது காலேஜ் குவார்ட்டர்ஸ்ல. நடை பழகினது லேப் வராந்தாவுல. உப்பு டப்பாவைப் பார்த்தாலே சோடியம்னு கத்துவான்.”

நல்ல மனிதர். நான் என்ன படித்தேன், மேலே என்ன படிக்கப் போகிறேன் என்றெல்லாம் கேட்டார். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி என்றதும் எழுந்து நின்று கை கொடுத்தார். அவர் பிள்ளை எனக்கு ஒரு நாளும் செய்யாத காரியம். போகும்போது, “அவன் வீட்ல எதையும் சொல்றதில்லம்மா. பெருசா ஏதாவது நடந்தா எனக்கு ஒரு போன் போடு” என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். மூட்டையும் இல்லை, கட்டைவிரலும் இல்லை. எங்கள் வீட்டு வறுமையை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு, அதையே சாட்டையாக முறுக்கி எங்கள் முதுகிலேயே வீசியிருக்கிறான்.

மொட்டைக் கடுதாசி போட்டிருக்கலாம். பசை அக்கா காதில் போட்டிருந்தால் மறுநாள் ஊரே பேசியிருக்கும். எனக்கு அது பத்தவில்லை. அவன் தன் வாயால் அதைச் சொல்ல வேண்டும். அவன் அப்பன் கேட்க வேண்டும். என் தங்கை பார்க்க வேண்டும்.

கடைசிச் சுற்றுக்குப் போகிற எவரும் பொது அமர்வில் பேச வேண்டும் என்பது எங்கள் கல்லூரி முறை. ஆசிரியர், ஊழியர், மாணவர் யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம். குடும்பத்தாரையும் அழைப்போம். அழைப்பது என் வேலை.

“உங்க வீட்லேர்ந்து யாரைக் கூப்பிடணும் சார்?” என்று முறைப்படி அவரிடமே கேட்டேன்.

“யாரும் வேணாம். அவங்களுக்கு இதெல்லாம் புரியாது” என்றார், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போய்ப் பெரியவருக்குப் போன் போட்டேன். “உங்க பையன் துணை முதல்வர் ஆகப் போறாரு சார். மேடையில பேசறாரு. உங்களுக்குச் சொல்லாமலே வச்சிருக்காரு.”

“அப்படியா! திருட்டுப்பய. நான் வர்றேன்னு அவனுக்குச் சொல்லிடாதம்மா” என்றார். குழந்தை மாதிரி சந்தோஷம் அந்தக் குரலில். நான் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழிப்பறையில் போய் நின்றேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து தங்கைக்குப் போன் போட்டேன். எனக்கு மேடையில் பரிசு கொடுக்கிறார்கள், நீ வராவிட்டால் உன்னோடு பேச மாட்டேன் என்று புளுகினேன்.

அரங்கு நிறைந்திருந்தது. தங்கை கடைச் சீருடையோடு சுவரோரம் நின்றாள். பெரியவரைப் பின்வரிசையில் ஓர நாற்காலியில் உட்கார வைத்தேன், மேடை வெளிச்சத்தில் அவ்வளவு தூரம் தெரியாது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், காலரில் கடை ஊசியைக்கூட எடுக்கவில்லை. நான்தான் எடுத்துவிட்டேன். கேள்வி கேட்பவர்களிடம் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. மைக்கோடு அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

தேர்வுக் குழுத் தலைவி வெளியிலிருந்து வந்தவர். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த அம்மாள், சிரிக்கிற ரகம் இல்லை. “உங்கள் பின்னணியிலிருந்து தொடங்கலாமே” என்றார்.

டீன் தொடங்கினார். மாணவர்களின் வலி தனக்கு எப்படித் தெரியும், ஏன் தெரியும். “நானும்...” என்றார். எங்கள் அலுவலக வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். “நானும் எங்க வீட்ல முதல் பட்டதாரி. எங்க அப்பா சந்தையில மூட்டை தூக்கினவர். அவர் தோள்ல இருந்த காய்ப்பை நான் தொட்டுப் பார்த்திருக்கேன். என் மார்க் ஷீட்டைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு ‘பாசா தம்பி?’னு கேட்பார்...” குரல் தழுதழுத்தது. நன்றாகச் செய்வார் அந்த இடத்தை.

பெரியவர் காதுக் கருவியைத் திருகிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார். காது கேளாதவர்களுக்குத் தங்கள் சத்தம் தெரியாது.

“யாரும்மா மூட்டை தூக்கினது?”

முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. மைக் என் கையில் இருந்தது, கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. ‘அப்புறம் சொல்றேன் சார்’ என்று நான் அவர் கையைத் தட்டிக் கொடுத்திருந்தால் அத்தோடு போயிருக்கும். பொத்தானை அழுத்தி மைக்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன்.

“எந்த அப்பாவைச் சொல்றான் இவன்?” அரங்கம் முழுக்க ஒலித்தது. தன் குரல் திரும்பி வந்ததில் அவரே திடுக்கிட்டார்.

மேடையில் பேச்சு நின்றது. தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பெரியவரே, நீங்க யாரு?”

எழுந்து நின்றார். நிற்பதிலேயே பிரின்சிபால் தெரிந்தது. “நான் இவனோட அப்பா. காலேஜ் பிரின்சிபாலா இருந்து ரிட்டயர் ஆனவன். இவன் பி.எச்.டி. ஆய்வேட்டைக்கூட நான்தான் திருத்தினேன். அதான் கேட்டேன், மூட்டை...”

அந்த இடத்தில்தான் அவருக்குப் புரிந்தது. ஒரு முகம் அப்படி அணைவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மேடையைப் பார்த்தார். மேடையில் இருந்தவன் தன் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “இல்லம்மா, எனக்குக் காது சரியாக் கேட்காது. நான்தான் தப்பாக் கேட்டிருப்பேன். எழுதிக்குங்க, தப்பு என் பேர்லதான். பையன் நல்ல பையன்.”

எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. பொய் சொல்லக்கூட அந்த வீட்டில் எவ்வளவு பெரிய ஆள் வந்து முட்டுக் கொடுக்கிறார் பாருங்கள். என் தங்கைக்கு உண்மை சொல்வதற்கே துணைக்கு வந்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

முட்டு நிற்கவில்லை. தலைவி பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். பெரியவர் யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். அவருக்கு டாக்சி பிடித்துக் கொடுக்க நான் ஓடினேன். ஏறி உட்கார்ந்து, “உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?” என்று கேட்டார்.

“தெரியும் சார்.”

தலையை ஆட்டினார். கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வந்தபோது தங்கை வராந்தாவில் நின்றிருந்தாள். “பரிசு எங்கக்கா?” என்றாள். பிறகு, “அந்தத் தாத்தாவை எதுக்குக்கா கூப்பிட்ட? பாவம்க்கா” என்றாள். பஸ் ஏறும்போது, “அப்ப அந்த ஆள் கிளாஸ் போனப்போ, அவங்க வீட்ல யாரும் கீழ விழுந்து கிடக்கலையா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“நான் மட்டும் என்னைத் திட்டிக்கிட்டே இருந்தேனேக்கா” என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

பதவி கல்விப் பிரிவுக்காரருக்கே போனது. இணையதளத்தில் அவர் பின்னணியை எடுத்துவிடச் சொல்லி முதல்வர் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. எடுத்தது நான்தான். ஒவ்வொரு வரியாக, காப்பி குடித்துக்கொண்டே எடுத்தேன். படமும் பெயரும் மட்டும் மிஞ்சின.

திங்கட்கிழமை அவர் தன் பழைய அறைக்கே வந்தார். பசை அக்கா என் மேசைக்கு வந்து பல்லைக் கடித்தார். “திருப்தியாடி? போக இருந்த சனியனைப் பிடிச்சு நடு வீட்ல உட்கார வச்சிட்டியே!”

“ஆமாக்கா. இங்கதான் இருக்கணும் அவரு.”

உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். நான் திறந்தே வைத்தேன்.

“எங்க அப்பாவை நீதான கூப்பிட்ட?”

“ஆமா சார்.”

“அவர் என்கூடப் பேசறதில்ல. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு.”

“என் தங்கச்சியும் ரொம்ப நாளா யார்கூடவும் பேசல சார். இப்பத்தான் பேசறா.”

“உன்னை வேலையை விட்டுத் தூக்க எனக்கு எவ்ளோ நேரம் ஆகும்?”

“தூக்குங்க சார். ஏன் தூக்கினீங்கன்னு எல்லாரும் கேட்பாங்க. நான் பின்னணியிலேர்ந்து ஆரம்பிப்பேன்.”

நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “மிரட்டறியா?”

“ஆமா சார்.”

மேசைமேல் திறந்து கிடந்த கோப்பை மூடி வைத்தார். “என்ன வேணும்?”

“விசாரணையைத் திறங்க. நீங்க மூடினது, நீங்கதான் திறக்கணும். அவ பேசி முடிக்கிற வரைக்கும் கேளுங்க. அவ்ளோதான்.”

அதே அறை, அதே மேசை. இந்த முறை இன்னும் இரண்டு பேராசிரியர்களும் உட்கார்ந்திருந்தார்கள், அவரைத் தனியாக விசாரிக்க விடக் கூடாது என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். நான் துணைக்கு வந்த ஆள், வாயைத் திறக்கக் கூடாது. திறக்கவில்லை. தங்கை கடைச் சீருடையிலேயே வந்தாள், மாற்றிக்கொள் என்றதற்கு முடியாது என்றுவிட்டாள்.

அம்மா விழுந்ததிலிருந்து சொன்னாள். பெட்பேன் வைத்தது, துணி மாற்றியது, ஒரு கையால் அம்மாவைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கணக்குப் போட்டது. ஒரு இடத்தில் குரல் உடைந்து நிறுத்தினாள்.  அந்த இடைவெளியில் அவருக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. முன்னால் சாய்ந்தார்.

“நானும்...” என்றார்.

இரண்டு பேராசிரியர்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். தங்கை பார்த்தாள். நான் நன்றாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன். வாய் திறந்தபடி இருந்தது, உள்ளே இருந்து ஒன்றும் வரவில்லை. கை டம்ளரைத் தேடியது. மூடி உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

“நீங்க முடிச்சிட்டீங்களா சார்?” என்று தங்கை கேட்டாள். “நான் இன்னும் முடிக்கல.”

அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.